ரேங்க் கார்டு வாங்க வரும் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வுத் தாள்கள் திருத்தி முடிந்துவிட்டன. வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம். இந்த முறை ரேங்க் கார்டைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பவில்லை. நீங்களே வந்து வகுப்பாசிரியரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை வேலைக்குப் போகாவிட்டால் கூலி போய்விடும் என்பவர்கள் திங்கள் மாலை ஆறு மணிவரை என் அறைக்கு வரலாம்.

வருமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டுக் கூட்டத்தில் ஒரு அப்பா, மகனின் கணக்கு மார்க்கைப் பார்த்ததும் டீச்சரின் மேசைக்கு முன்னாலேயே அவனை ஓங்கி ஓர் அறை விட்டார். "பின்னம்தான் சார் வரலை, மத்ததெல்லாம் பரவாயில்லை" என்று டீச்சர் சொன்னது அவர் காதில் விழவே இல்லை. வரிசையில் நின்ற மற்றப் பிள்ளைகள் அவரவர் அப்பா முகத்தைப் பார்த்தார்கள். இந்தச் சனிக்கிழமை பள்ளி வளாகத்துக்குள் யாரும் பிள்ளைமேல் கை வைக்கக் கூடாது. பெற்றவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

"கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார், நான் ஒண்ணும் கேட்க மாட்டேன்" என்று இன்றும் சிலர் சொல்கிறீர்கள். நம்பிக்கையில்தான் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் நீங்கள் எழுதியே கொடுத்தாலும் செல்லாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மீறும் ஆசிரியர்மீது துறை நடவடிக்கை வரும். தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2003இல், கல்வி விதிகளின் 51ஆம் விதியைத் திருத்தி அடியை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பழைய விதிகூட வாத்தியார் இஷ்டத்துக்கு விளாச அனுமதித்ததில்லை. வேண்டுமென்றே பொய் சொல்வது, ஆபாசம், அப்பட்டமாக அடங்க மறுப்பது போன்றவற்றுக்கு மட்டும், கையில் அதிகபட்சம் ஆறு அடி, அதுவும் தலைமையாசிரியர் மேற்பார்வையில். கணக்குத் தப்பானதற்கு அடி என்பது அதிலும் கிடையாது!

சட்டத்தை விடுங்கள். அடி விழுகிற இடத்தில் எங்களுக்கு உண்மை தெரியாமல் போகிறது. வீட்டுப்பாடம் செய்யாத பையன் காலையில் சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்து பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதிவிடுகிறான். நோட்டில் எல்லாம் சரி. டீச்சரும் டிக் போட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். அவனுக்கு வகுத்தலே வராது என்பது தேர்வுத் தாளில்தான் தெரிகிறது. டைரியில் அப்பா கையெழுத்தை அவனே போடுவதும் இந்தப் பயத்தில்தான். டைரியில் புகார் எழுதினால் வீட்டில் பெல்ட்டை எடுப்பார்கள் என்று தெரிந்தால், எங்கள் ஆசிரியர்களுக்கும் எழுதக் கை வருவதில்லை.

"நாங்க அடி வாங்கித்தானே ஆளானோம்" என்பீர்கள். சரி. உங்களோடு படித்து, அடிக்குப் பயந்து எட்டாவதோடு நின்றவர்களையும் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். பிரம்பை விட்டாலும் ஸ்கேல் விளிம்பால் விரல் முட்டியில் தட்டுவது, தொடையில் கிள்ளுவது, வெயிலில் முட்டி போடவைப்பது, "மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று வகுப்பு நடுவில் சொல்வது எல்லாம் ஒரே கணக்குதான். இதில் எது நடந்தாலும் நேராக என்னிடம் வாருங்கள். என்னிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் கல்வித்துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 என்ற உதவி எண்கள் இரண்டும் இருக்கின்றன.

அப்படியானால் தப்பு செய்தால் ஒன்றுமே கிடையாதா என்றால், உண்டு. வீட்டுப்பாடம் எழுதாதவர் மதியம் சாப்பிட்டபின் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து முடிக்க வேண்டும். சாப்பாட்டையும் விளையாட்டு பீரியடையும் பிடுங்க மாட்டோம். சண்டை போட்டவர்களைத் தனித்தனியாக விசாரித்த பிறகே சேர்த்து உட்காரவைப்போம். எதையாவது உடைத்தால் சரிசெய்ய உதவ வேண்டும். இதெல்லாம் ஓர் அறை விடுவதைவிட நேரம் பிடிக்கிற வேலை. ஆசிரியர்கள் என்னிடம் அலுத்துக்கொள்வதும் உண்டு.

சனிக்கிழமை ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுமுன் விடைத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எந்த இடத்தில் புரியாமல் போனது என்று பிள்ளையே சொல்லட்டும். படிக்கத் தெரியாத பெற்றோர் தயங்க வேண்டாம். வகுப்பாசிரியர் பக்கத்தில் இருந்து சொல்வார்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்