குறைவாகப் பரிமாறிய கைகளுக்கு

அன்புள்ள உறவுகளுக்கும் அயலவர்களுக்கும்,

உடற்பருமனுக்காக நான் செய்துகொண்ட இரைப்பைச் சத்திரசிகிச்சை கொழும்பில் நடந்தது. அதைச் செய்த வைத்தியர்களுக்கும் விடுதித் தாதியருக்கும் நேரிலேயே நன்றி சொல்லிவிட்டேன். இந்த மடல், நான் வன்னியில் உள்ள எங்கள் ஊரான பரந்தனுக்குத் திரும்பிய பிறகு என்னைத் தாங்கியவர்களுக்கு உரியது. ஸ்லீவ் என்று சொல்லப்படும் முறையில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதம் வரை வெட்டி அகற்றுகிறார்கள். மிஞ்சுவது ஒடுங்கிய ஒரு குழாய். வெட்டித் தைக்கும் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்தக் குழாயோடு எங்கள் சமையலையும் எங்கள் வீட்டு விருந்துகளையும் கோயில் சோற்றையும் எதிர்கொண்டு வாழப் பழகுவதற்கு வாழ்நாள் வேண்டும். அதற்கு எனக்குத் துணை நின்றவர்கள் நீங்கள்.

அம்மாவிலிருந்து தொடங்குகிறேன். 2009இல் போரின் கடைசி நாட்களில், முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிய கஞ்சிக்குப் பாத்திரத்தோடு வரிசையில் நின்றவர் அவர். அதன் பின்னர் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம். அங்கிருந்து ஊருக்கு வந்த நாள் முதல், அம்மாவின் வீட்டில் எவருடைய கோப்பையிலும் ஒரு பருக்கை மிஞ்சக்கூடாது, எவரும் அரைவயிற்றோடு எழும்பக்கூடாது. அவருக்கு அன்பு என்றால் இன்னோர் அகப்பை சோறு. பசி என்ன செய்யும் என்பதைக் கண்ணால் கண்ட ஒருவர் வேறு எப்படி இருப்பார்? வன்னியில் அநேகமாக எல்லா வீடுகளிலும் இப்படி ஒரு தாய் இருக்கிறார்.

அவரிடம்தான் வைத்தியசாலை தந்த தாளைக் கொடுத்தேன். முதலில் நீராகாரம் மட்டும். அதன் பின்னர் மசித்தது, அதற்குப் பிறகு மென்மையானது. வழமையான சாப்பாட்டுக்கு ஆறு முதல் எட்டுக் கிழமைகள் செல்லும். ஒரு நேரத்துக்குச் சில மேசைக்கரண்டி அளவே. அம்மா அதைத் திரும்பவும் திரும்பவும் வாசித்தார். பிறகு ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குள் போய், தங்கச்சியின் குழந்தைக்கு வாங்கி வைத்திருந்த சின்னக் கிண்ணத்தை எடுத்து வந்து, "இனி உனக்கு இதுதான் அளவு" என்றார். விரால் மீனை அவித்து, முள் பொறுக்கி, விரலால் தடவித் தடவிப் பார்த்து மசித்தார். பருப்பை வேகவைத்து வடித்தார். நான் மிச்சம் வைப்பதை அவரால் தாங்க முடியவில்லை. அதனால், மிச்சமே வராத அளவுக்குக் குறைத்துப் பரிமாறக் கற்றுக்கொண்டார். அம்மா, நீங்கள் எனக்குப் போட்ட சோறு முழுவதற்கும் நான் கடன்பட்டவள். போடாமல் நிறுத்திய சோற்றுக்கு அதைவிட அதிகமாகக் கடன்பட்டிருக்கிறேன்.

மாமிக்கு அடுத்த நன்றி. இடியப்பத்தையும் பிட்டையும் சொதியில் ஊறவிட்டுச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். எனக்கோ, சாப்பிடும்போதும் சாப்பிட்டு அரை மணி நேரம் வரைக்கும் தண்ணீர் குடிக்கக்கூடாது என்பது கட்டளை. சொதியும் தண்ணீர்தான் என்பதைத் தாளில் யாரும் எழுதித் தரவில்லை. அதை யோசித்துச் சொன்னவர் மாமி. எனக்கென்று கறியைத் தடிப்பாக வைத்தார். கோப்பையின் ஒழுங்கையும் அவரே மாற்றினார். முதலில் மீன் அல்லது முட்டை, அடுத்தது கீரை, இடம் இருந்தால் கடைசியில் கொஞ்சம் சோறு. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்கிறார்கள். ஒரு முட்டையில் இருப்பது ஏறத்தாழ 6 கிராம். இரைப்பை இவ்வளவு சுருங்கிய பிறகு, சோற்றை முதலில் போட்டால் புரதத்துக்கு இடமே இராது. இந்தக் கணக்கு மாமிக்கு என்னைவிட வேகமாகப் பிடிபட்டது.

ஊரில் சிலர், "வாயைக் கட்டினால் போதாதா, வயிற்றை ஏன் வெட்ட வேண்டும்?" என்று கேட்டார்கள். எனக்கு வலித்தது. உடற்பருமன் ஒரு நோய். நீரிழிவு எப்படி நோயோ அப்படித்தான் இதுவும். எடை குறையத் தொடங்கியதும் உடல் பசியைக் கூட்டி, இழந்ததை மீட்கப் பார்க்கிறது. எங்கள் வாசிகசாலையில் இதை எல்லோருக்கும் பொறுமையாக விளக்கியவர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில் சுரக்கிறது என்றும், அகற்றப்படுவதில் அந்தப் பகுதியும் அடங்கும் என்றும் சொன்னார். ஐயா, அன்றைக்குப் பிறகு என்னிடம் அந்தக் கேள்வியை எவரும் கேட்கவில்லை. தொடக்கத்தில் அடங்கிக் கிடக்கும் பசி காலப்போக்கில் ஓரளவு திரும்பி வரும், அதற்குள் பழக்கங்கள் வேரூன்ற வேண்டும் என்று என்னிடம் தனியாகச் சொன்னவரும் நீங்கள்தான்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனபோது அன்னதானப் பந்தியில் உட்காரவே பயந்தேன். அம்மாளாச்சியின் சோற்றை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாளியோடு வந்த தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, போதும் என்று கை காட்டுங்கள், நிறுத்துகிறேன்" என்றார். ஒரு கரண்டியிலேயே கை காட்டினேன். பக்கத்தில் இருந்தவர் இன்னும் வைக்கச் சொன்னார். "ஒரு பிடியும் அம்மாளாச்சியின் சோறுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார் அந்தத் தம்பி. எந்த ஊர்ப் பிள்ளை என்று தெரியவில்லை. இந்த மடல் அவர் கண்ணில் பட வேண்டும் என்று விரும்புகிறேன். ஆறுதலாக, நன்றாக மென்று, எல்லோரோடும் பந்தியில் இருந்து சாப்பிட்டு எழும்பினேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு சபையில் இருந்து சாப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அயல் வீடுகளுக்கும் சொல்ல வேண்டும். போன இடமெல்லாம் சீனி போட்ட தேநீரும் சோடாவும் தருவது எங்கள் உபசரிப்பு. இனிப்பான பானம் இந்தக் குழாய் வயிற்றில் தங்குவதில்லை. பசியை ஆற்றாமலே வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். குறைந்த எடை மீண்டும் ஏறுவதற்கு அது ஒரு பெரிய வழி. ஒருமுறை சொன்னதை நினைவில் வைத்து, எனக்கு மட்டும் செம்பில் தண்ணீர் வைக்கும் வீடுகள் இப்போது எங்கள் ஒழுங்கையில் பல. வன்னி வெயிலில் அது பெரிய உதவி, ஏனென்றால் என்னால் ஒரே மூச்சில் குடிக்க முடியாது; நாள் முழுவதும் மிடறு மிடறாகத்தான் குடிக்க வேண்டும்.

ஒரு கட்டத்தில் சத்தி நிற்காமல் நாட்கள் கழிந்தன. கிளினிக் தாதி ஒருவர் தொலைபேசியில் கேட்டதுமே, "நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம், இன்றே வாருங்கள்" என்றார். தொடர்ந்து சத்தி எடுத்தால் விற்றமின் பி1 குறைந்து நரம்பையும் மூளையையும் தாக்கும் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருடைய அவசரம் என்னைக் காப்பாற்றியது. இந்தச் சிகிச்சை செய்துகொண்ட எல்லோரும் இதை மனதில் வைத்திருங்கள். முழங்கால் வலிக்கு நான் கேட்ட வலிக்குளிசையைத் தர மறுத்து, அது இரைப்பையில் புண் உண்டாக்கலாம் என்று சொல்லி வைத்தியரிடம் அனுப்பிய மருந்தகத் தங்கைக்கும் நன்றி.

என் மகள்தான் குளிசைகளுக்குப் பொறுப்பு. இரும்புச் சத்தையும் கல்சியத்தையும் சேர்த்துப் போட்டால் இரும்பு உடலில் சரியாகச் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். அதற்கென்றே இரண்டு நிறப் பெட்டிகள் செய்து வைத்திருக்கிறாள். பி12 உட்பட இவை வாழ்நாள் முழுவதற்குமானவை. முடி கொட்டத் தொடங்கியபோது, மூன்றாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை பலருக்கும் இப்படி நடக்கும், பெரும்பாலும் திரும்ப முளைக்கும் என்று வாசித்துக் காட்டி என் தலையை வாரிவிட்டதும் அவளே.

விடியற்காலையில் இரணைமடு வாய்க்கால் கரையில் என்னோடு நடக்கும் பெண்களே, என் வேகத்துக்காக உங்கள் வேகத்தைக் குறைத்தீர்கள். இப்போது நீங்கள் என்னைக் கூப்பிட்டு நிறுத்த வேண்டியிருக்கிறது.

நீரிழிவுக் குளிசைகளை வைத்தியர் படிப்படியாகக் குறைத்து வருகிறார். இரத்தப் பரிசோதனைகளை ஆண்டுதோறும் தவறாமல் செய்வேன் என்று உங்கள் எல்லோருக்கும் வாக்குத் தருகிறேன்.

வன்னியில் இந்தச் சிகிச்சைக்காகக் காத்திருப்பவர் எவராவது இதை வாசித்தால், பரந்தனுக்கு வந்து என்னைச் சந்தியுங்கள். தனியாக வராதீர்கள். உங்கள் வீட்டில் சமைப்பவரையும் கூட்டி வாருங்கள். அவரோடுதான் அம்மாவுக்கும் மாமிக்கும் நிறையப் பேச இருக்கிறது.

மிகுந்த நன்றியுடன்,
உங்கள் பரந்தன் சகோதரி