உன் வீல்சேரின் அளவு வேண்டும்

அன்புள்ள தாயிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் வள்ளம் என்று ஆரம்பித்தாலே நீ "சாப்பிட்டீங்களாப்பா" என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். கடிதத்தில் அதைச் செய்ய முடியாது. கூடவே ஒரு படமும் வரைந்து வைத்திருக்கிறேன், பார்.

பொங்கலுக்கு நீ வந்தபோது நடந்ததை முதலில் பேசிவிடுகிறேன். நீ கரையில் வீல்சேரில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பின்னால் வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் உன்னைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். வலை பிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். இரண்டு பையன்கள் ஓடிவந்து உன் காலைப் பிடித்தார்கள். வள்ளத்தில் இருந்த அரை மணி நேரமும் நீ வாய் திறக்கவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போல என்று நான் நினைத்துக்கொண்டேன். ராத்திரி உன் அம்மாதான் போட்டு உடைத்தாள். "முப்பது வயசுப் பிள்ளையை மீன் கூடை மாதிரி தூக்கிட்டுப் போயிட்டு, இதுல பெருமை வேறயா?" அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். யாரும் தொடாமல் நீயே ஏறி, நீயே இறங்க வேண்டும் என்றால் நம் வள்ளத்தை என்ன செய்ய வேண்டும்?

முதலில் எனக்குத் தோன்றியது எல்லாருக்கும் தோன்றுகிற யோசனைதான். பக்கவாட்டில் ஒரு கதவு வெட்டி, பலகை போட்டு, வீல்சேரோடு நேரே உள்ளே உருட்டிவிடுவது. ஃபைபர் வேலை செய்கிற உன் மாமாவிடம் சொன்னேன். அவர் ஒரு சுளகை எடுத்துக் காட்டினார். "இதோட விளிம்புக் கட்டை ஒரு இடத்துல அறுத்துப் பாருங்க, மச்சான். நாலு நாள்ல மொத்தமும் விரிஞ்சு போகும். உங்க வள்ளமும் அப்படித்தான்." அவர் சொன்னது சரி. ஃபைபர் வள்ளத்துக்குப் பலமே மேல் விளிம்புதான். அதை வெட்டினால் ஒவ்வொரு அலைக்கும் பக்கம் நெளியும், கொஞ்ச நாளில் கீறல் விடும். இரண்டு பக்கமும் கனமாகச் சட்டம் கொடுத்து வெட்டலாம் என்றார். ஆனால் அவருக்கே அதில் மனமில்லை.

சரி, வெட்டாமல் விளிம்புக்கு மேலே பலகை போட்டு ஏற்றிவிடலாமே என்று ஒரு பழைய வீல்சேரை வாங்கி வந்தேன். உன் எடைக்கு இரண்டு மணல் மூட்டைகளை அதில் உட்கார வைத்தேன். (உன் எடை எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். நானாக 55 கிலோ என்று வைத்துக்கொண்டேன்.) வள்ளத்தை முழங்கால் தண்ணீரில் நிறுத்தி, நானும் மாமாவும் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தோம். மூன்றாவது ஆட்டத்தில் வள்ளம் சாய்ந்தது, சாய்ந்தபடியே நின்றுவிட்டுத்தான் மெதுவாகத் திரும்பியது. பிரேக் பிடித்தது பிடித்தபடி இருக்க, வீல்சேர் ஈரத் தரையில் வழுக்கிப் போய் எதிர்ப்பக்கத்தில் இடித்தது. எனக்கு அடிவயிறு கலங்கிப்போயிற்று. அதே மூட்டைகளைத் தரையில் இறக்கி வைத்து ஆட்டினோம். வள்ளம் அசைந்து கொடுத்துவிட்டு உடனே நிமிர்ந்தது. எடை அதேதான், இருக்கும் உயரம்தான் வேறு. நாற்பது வருஷமாக ஐஸ் பெட்டியை அடியில் வைத்துக் கடலுக்குப் போகிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆக, வீல்சேர் கரையிலேயே இருக்கட்டும், நீ மட்டும் வள்ளத்தில் தாழ உட்கார வேண்டும் என்று முடிவு செய்தேன். அது உப்புத்தண்ணீருக்கும் தப்பிக்கும். நான் வாங்கியதன் சக்கரம் அந்த ஒரு நாள் நனைந்ததற்கே கிறீச்சிடுகிறது, அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டது என் தப்பு. அந்தப் பழையதை மடித்து வள்ளத்தின் முன்பக்கம், அணியத்தில் கட்டி வைத்துக்கொள்வேன். என்ஜின் நின்று வேறு கரையில் ஒதுங்க நேர்ந்தால் உதவும்.

இப்போது படத்தைப் பார். விளிம்போடு சேர்த்து ஒரு அகலமான பலகை. அதற்குக் கீழே ஐந்து ஐந்து அங்குல இறக்கத்தில் இரண்டு படி, கடைசியில் முதுகு சாய்கிற உன் இருக்கை. வீல்சேரிலிருந்து பலகைக்கு நகர்ந்து, கையை ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கலாம். திரும்பும்போது அதே வழியில் ஏறலாம். வீட்டுத் திண்ணையில் நீ அப்படி ஏறி இறங்கியதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனையே வந்தது.

மற்ற இடங்களில் தரை வழுக்காமல் இருக்க ஈர ரெசின் மேல் மணல் தூவி, காய்ந்ததும் இன்னொரு பூச்சுப் பூசுவோம். படிகளில் அது கூடாது. நீ உட்கார்ந்தபடியே நகரும்போது தோலை உரித்துவிடும், அங்கே உணர்ச்சி இல்லாததால் உனக்கு அது தெரியவும் செய்யாது. அங்கே வழுவழுப்பாகவே விட்டு, மேலே ரப்பர் பாய். வெயிலில் கிடக்கும் ஃபைபர் தோசைக்கல்தான், அதனால் இருக்கைக்கு மேலே ஒரு வெள்ளைப் படுதா. உன் காற்று மெத்தையை மறக்காமல் கொண்டு வா. காலைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புப் பலகையும் வைக்கிறேன். நண்டு கவ்வினாலும் கெளுத்தி முள் குத்தினாலும் சொறி (ஜெல்லி மீன்) பட்டாலும் நீ குனிந்து பார்த்தால்தானே தெரியும்?

பெல்ட் போடலாம் என்று உன் சித்தப்பா சொன்னான். கூடாது என்றுவிட்டேன். கார் வேறு, கடல் வேறு. கவிழ்ந்தால் வள்ளத்தோடு கட்டுண்டு கிடப்பாய். பெல்ட்டுக்குப் பதில் லைஃப் ஜாக்கெட். முகத்தை மேலே திருப்பி வைக்கிற, கழுத்துப் பட்டை உள்ளதாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன். அதைப் போடாமல் வள்ளம் கிளம்பாது, நானும் போட்டுக்கொள்கிறேன்.

கரையிலிருந்து வள்ளத்துக்கு வருவதுதான் பெரிய பாடு. மணலில் சக்கரம் புதைகிறது. மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் நீளத்தில் மரப்பாதை போட்டார்களே, நீ போய்ப் படம்கூட அனுப்பினாய். 2022 நவம்பரில் திறந்தார்கள், டிசம்பரில் மாண்டஸ் புயல் அதன் கடல் பக்க நுனியைப் பிய்த்துப் போட்டது. பிறகு சரிசெய்தார்கள். அதை டிவியில் பார்த்தபோதே, கடற்கரையில் எதைப் போட்டாலும் கழற்றி எடுக்கிற மாதிரி போட வேண்டும் என்று நினைத்தேன். அதனால் சவுக்குக் கட்டை நட்டு, மேலே பலகைகளைக் கொக்கியில் மாட்டப்போகிறேன். வேலை முடிந்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிடலாம். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்று சரிவுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள். நம் வடக்குக் கடல்தான் வெகுதூரம் வரை முழங்கால் ஆழமாயிற்றே, அந்தக் கணக்குக்கு அது தானாகவே ஒத்துவருகிறது. பெண் கடல் என்று சும்மாவா சொன்னார்கள். தெற்கே அலை அடிக்கிற ஆண் கடல் பக்கம் என்றால் இந்த யோசனையே நடக்காது.

ஒரு சிக்கல் இருக்கிறது. தண்ணீர் ஏறினால் வள்ளமும் ஏறும், பலகை ஏறாது. அதனால் கட்டைகளில் மூன்று உயரத்தில் துளை போட்டிருக்கிறேன். அன்றைய ஏற்ற வற்றம் பார்த்து மாட்டிக்கொள்ளலாம். வள்ளத்தை முன்னும் பின்னும் கட்டி, இடையில் பழைய டயர் தொங்கவிட்டால் இடைவெளி விழாது.

அப்புறம், உன் இருக்கையை எங்கே வைத்திருக்கிறேன் என்று பார்த்தாயா? நடுவில் இல்லை, பின்னால் என்ஜின் பக்கத்தில். நீளத் தண்டு வைத்த நம் லாங் டெயில் என்ஜினை நின்று, உடம்பைக் கொடுத்துத்தான் திருப்ப முடியும். அதனால் சித்தப்பாவின் அவுட்போர்டை மாட்டி, கைப்பிடியில் மூன்றடிக் குழாய் ஒன்றைச் சேர்க்கிறேன். சிவப்புக் கயிறு உன் மணிக்கட்டில் இருக்கும், அது இழுபட்டால் என்ஜின் நின்றுவிடும். பன்னிரண்டு வயதில் என்னை உட்கார வைத்து நீ ஓட்டிக்கொண்டு வந்தாய், இப்போதும் நான் எதிர்ப்பக்கம் பாரத்துக்கு உட்கார்ந்துகொள்கிறேன்.

அம்மா ஒன்று சொல்லச் சொன்னாள். சிறுநீர் ட்யூப் வைக்கிற நேரத்துக்கு முன்னால் கரைக்கு வந்துவிடலாம், இரண்டு மணி நேரம்தான். அப்படியே நேரமானாலும் படுதாவை நாலு பக்கமும் இறக்கிக்கொள்ளலாம், அவளும் கூட வருவாள்.

வாடைக் காற்று எழுந்துவிட்டால் இந்தப் பக்கம் கடல் கலங்கிவிடும். புரட்டாசிக்குள் வர முடியுமா? விசைப்படகு போகாத நாளாகப் பார்த்தால் அலைக்கழிப்பும் இருக்காது. புதுப் பாம்பன் பாலத்தை நீ இன்னும் கடலில் இருந்து பார்க்கவில்லை. கப்பலுக்காக நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே போகிறது, 1914-இல் திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே அதைக் கட்டினார்கள். வர விருப்பமில்லை என்றாலும் பரவாயில்லை, அதை நேரடியாகச் சொல்.

எனக்கு வேண்டியது இதுதான். மெத்தை போட்டு நீ உட்கார்ந்த பிறகு தரையிலிருந்து இருக்கை எத்தனை அங்குலம், ஒரு சக்கரத்தின் வெளிப்பக்கத்திலிருந்து மறு சக்கரத்தின் வெளிப்பக்கம் வரை எத்தனை, கையை ஊன்றி உன்னால் ஒரே மூச்சில் எவ்வளவு உயரம் ஏற முடிகிறது. ஐந்து அங்குலம் என்பது என் கணக்குத்தான், அதிகமென்றால் படியைக் கூட்டிக்கொள்ளலாம். சென்டிமீட்டரில் எழுதாதே, மாமா குழம்பிவிடுவார். ரெசினைக் கலக்கினால் கொஞ்ச நேரத்தில் இறுகிவிடும், பிறகு ஓரங்குலம்கூட மாற்ற முடியாது. உன் பதில் வரும்வரை டப்பாவைத் திறக்கக் கூடாது என்று அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பா