கணக்குகளின் வரிசையை மாற்றுங்கள்: பாடநூல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் கணிதப் பாடநூல்களை எழுதும், திருத்தும் பொறுப்பில் இருக்கும் பேராசிரியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குக் கணிதம் நடத்துகிறேன். அடுத்த முறை நீங்கள் பாடநூலைத் திருத்த உட்காரும்போது ஒரே ஒரு வேலையைச் செய்துதர வேண்டும் என்று கேட்கவே இந்த மடல். எந்தப் பாடத்தையும் நீக்க வேண்டாம், புதிதாக எதையும் சேர்க்கவும் வேண்டாம். பயிற்சிகளில் இருக்கும் கணக்குகளைக் கலைத்து, வேறு வரிசையில் அடுக்கிக் கொடுங்கள். கேட்பதற்குச் சிறிய வேண்டுகோளாகத் தெரியும். உளவியல் ஆய்வாளர்கள் வகுப்பறைக்குள் வந்து சோதித்துப் பார்த்த மாற்றங்களில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தந்த இன்னொன்றை நான் படித்ததில்லை.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஏணிக் கணக்குகளைக் கொடுத்துப் பாருங்கள். சுவரில் சாய்த்து வைத்த ஏணியின் நீளமும், ஏணியின் அடி சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் தெரிந்தால் பிதாகரஸ் தேற்றம் போதும். நீளமும், தரையோடு ஏணி உண்டாக்கும் கோணமும் தெரிந்தால் முக்கோணவியலுக்குப் போக வேண்டும். 6 மீட்டர் ஏணியில் 2 மீட்டர் ஏறியவர் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் நிற்கிறார், ஏணியின் உச்சி எந்த உயரத்தில் சுவரைத் தொடுகிறது என்று கேட்டால் அது வடிவொத்த முக்கோணம். மூன்றுக்கும் படம் ஒன்றுதான்: ஒரு சுவர், ஒரு தரை, குறுக்கே ஒரு கோடு.

நம் பாடநூலில் வடிவொத்த முக்கோணமும் பிதாகரஸ் தேற்றமும் நான்காம் அலகான வடிவியலில் இருக்கின்றன, முக்கோணவியல் ஆறாம் அலகில் வருகிறது. ஆறாம் அலகு நடக்கும் வாரங்களில் ஏணியைக் கண்டதும் வகுப்பே சைன், டேன் என்று எழுதத் தொடங்கிவிடுகிறது. விடை சரியாகவும் வருகிறது. வராமல் எப்படி இருக்கும்? அந்தப் பயிற்சியின் தலைப்பே வழிமுறையைச் சொல்லிவிடுகிறது. பிறகு திருப்புதல் தேர்வு வருகிறது. இந்த மூன்று வகையும் ஒரே வினாத்தாளில் தலைப்பில்லாமல் நிற்கின்றன. “டீச்சர், இது எந்தப் பாடத்துக் கணக்கு?” என்று மெதுவாகக் கேட்கிறார்கள். விடைத்தாளின் ஓரத்தில் பிதாகரஸை எழுதி அடித்து, அதற்குக் கீழே டேன் தீட்டாவை எழுதி அதையும் அடித்து, கடைசியில் படத்தை மட்டும் அழகாக வரைந்து விட்டுவிட்ட பிள்ளைகளை நீங்களும் திருத்தும் மையங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளைக்கு மூன்று வழியும் தெரியும். எந்த இடத்தில் எது என்று தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை மட்டும் ஆண்டு முழுவதும் நாம் கொடுக்கவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் ‘மெல்லக் கற்போர்’ என்று பெயர் வைத்து மாலையில் சிறப்பு வகுப்பில் உட்காரவைக்கிறோம். அங்கேயும் அதே பயிற்சியை அதே வரிசையில் மறுபடியும் போடவைக்கிறோம். இது எனக்குப் பெரிய வருத்தம். குறை பிள்ளையிடம் இல்லை, கணக்குகளை அடுக்கிய விதத்தில் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல இன்று நம்மிடம் சான்று இருக்கிறது.

அமெரிக்காவில் தென் ஃபுளோரிடா பல்கலைக்கழக உளவியலாளர் டக் ரோரர், இந்த ஒரு கேள்வியைப் பல ஆண்டுகளாகத் துரத்திவருபவர். 2007-இல் கெல்லி டெய்லருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வு, நம் ஏழாம் அலகான அளவியலை நடத்துபவர்கள் அனைவரும் அறிய வேண்டியது. கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வகைத் திண்ம உருவங்களின் கனஅளவைக் காணக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு ஓர் உருவத்தின் கணக்குகளை முடித்துவிட்டு அடுத்த உருவத்துக்குப் போனது. மற்றொரு குழுவுக்கு நான்கு உருவங்களின் கணக்குகளும் கலந்து வந்தன. பயிற்சியின்போது முதல் குழு 89 விழுக்காடு சரியாகச் செய்தது, கலந்து செய்தவர்கள் 60 விழுக்காடுதான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது, வரிசையாகச் செய்த குழு 20 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. கலந்து செய்தவர்கள் 63 விழுக்காட்டில் நின்றார்கள்.

ஆய்வகத்தில் நடந்தது வகுப்பறைக்கு ஒத்துவருமா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான பதிலை ரோரரும் அவருடைய குழுவினரும் 2020-இல் வெளியிட்டார்கள். ஃபுளோரிடாவில் ஏழாம் வகுப்புப் பிரிவுகள் 54, மாணவர்கள் 787 பேர். எந்தப் பிரிவுக்கு எந்த முறை என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். பாடம் நடத்தியவர்கள் அந்தந்தப் பள்ளியின் ஆசிரியர்களே. சுமார் நான்கு மாதங்களுக்கு எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே கணக்குகள்தான் தரப்பட்டன. ஒரு பகுதியினருக்கு அவை வகைவகையாகப் பிரித்து அடுக்கப்பட்டிருந்தன, மற்றவர்களுக்குக் கலந்து அடுக்கப்பட்டிருந்தன. கடைசியில் இரு தரப்புக்கும் ஒரு மீள்பார்வைத் தாள். அதற்கு ஒரு மாதம் கழித்து, முன்னறிவிப்பில்லாத தேர்வு. பிரித்துச் செய்தவர்கள் 38 விழுக்காடு, கலந்து செய்தவர்கள் 61 விழுக்காடு. கணக்கும் அதுவே, ஆசிரியரும் அவரே. மாறியது வரிசை ஒன்றுதான்.

இவ்வளவு தெளிவாக இருந்தும் இது ஏன் இன்னும் நம் பள்ளிகளுக்குள் வரவில்லை? இந்த ஆய்வுகளில் என்னை மிகவும் யோசிக்கவைத்த பகுதி இதுதான். சரியான முறை, பழகும்போது தவறான முறையாகவே தோன்றுகிறது. மேலே சொன்ன 89, 60 என்ற எண்களை மறுபடியும் பாருங்கள். பயிற்சி நடக்கும் அந்த நேரத்தில் தலைமையாசிரியரோ மாவட்டக் கல்வி அலுவலரோ வகுப்புக்கு வந்தால் எந்த ஆசிரியரைப் பாராட்டுவார்?

பிள்ளைகள் மட்டும் இப்படி ஏமாறவில்லை, பெரியவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். கணக்குகளைக் கலந்து அடுக்கினால் ஒரே வகைக் கணக்குகள் பல நாள்களுக்குப் பரவியும் வருகின்றன. அப்படி இடைவெளி விட்டுப் பழகுவதையும் சோதித்திருக்கிறார்கள். 1970-களில் பிரிட்டன் தபால் துறை தன் ஊழியர்களுக்குத் தட்டச்சு கற்பிக்க வேண்டியிருந்தது. ஆலன் பாட்லி, லாங்மேன் என்ற இரு உளவியலாளர்கள் ஊழியர்களைக் குழுக்களாகப் பிரித்துப் பழக்கி, 1978-இல் முடிவை வெளியிட்டார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள் சுமார் 35 மணி நேரத்தில் விசைப்பலகையைக் கற்றுவிட்டார்கள். நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களுக்குச் சுமார் 50 மணி நேரம் பிடித்தது. ஆனால் தங்கள் பயிற்சி முறையைப் பற்றி மிகவும் குறைப்பட்டுக்கொண்டவர்கள், குறைந்த நேரத்தில் கற்ற அந்த முதல் குழுவினர்தான். மற்றவர்கள் முன்னே போய்விட்டதாக அவர்களுக்குப் பட்டிருக்கிறது. 2008-இல் நேட் கார்னெல், ராபர்ட் பியோர்க் ஆகிய இருவரும் ஓவியங்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஓர் ஓவியரின் படங்களைத் தொடர்ந்து பார்ப்பதைவிட, பன்னிரண்டு ஓவியர்களின் படங்களைக் கலந்து பார்த்தவர்களே புதிய படத்தைக் கண்டதும் வரைந்தவர் யார் என்று நன்றாகச் சொன்னார்கள். அப்படிச் சொல்லி முடித்த பிறகும், தொடர்ந்து பார்த்ததுதான் தங்களுக்கு உதவியது என்று பெரும்பாலோர் நம்பினார்கள்.

டொராண்டோவில் பயிற்சி அறுவை மருத்துவர்கள் 38 பேரை வைத்து நடந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. நுண்ணிய இரத்தக் குழாய்களைத் தைத்து இணைக்கும் பயிற்சி அது. நான்கு பாடங்களையும் ஒரே நாளில் முடித்தவர்களைவிட, வாரத்துக்கு ஒன்றாகக் கற்றவர்கள் ஒரு மாதம் கழித்து நடந்த சோதனையில் தெளிவாக மேலே இருந்தார்கள். தபால் அலுவலகமும் அறுவை அரங்கும் பின்பற்றத் தகுந்த ஒன்றைப் பள்ளிக்கூடம் தள்ளிவைத்திருக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. கற்பதும் மறப்பதும் பள்ளியின் அன்றாட வேலை அல்லவா?

இனி நம் நூல்களைப் பற்றிப் பேசுகிறேன். 2018-19 முதல் வந்த பாடநூல்கள் முந்தையவற்றைவிடப் பல மடங்கு சிறந்தவை. படங்களும் செயல்பாடுகளும், விரைவுக் குறியீட்டைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்தால் திறக்கும் காணொலிகளும் எங்கள் வேலையை எளிதாக்கியிருக்கின்றன. ஒவ்வோர் அலகின் முடிவிலும் ‘அலகுப் பயிற்சி’ என்று ஒன்றை வைத்திருக்கிறீர்கள். அதில் அந்த அலகின் வகைகள் கலந்தே வருகின்றன. நான் கேட்பதற்கான விதை அங்கேயே இருக்கிறது. ஆனால் ஐந்தாம் அலகின் அலகுப் பயிற்சியில் இரண்டாம் அலகின் கணக்கு வருவதில்லை. அதோடு, நேரம் போதாதபோது பள்ளிகளில் முதலில் கைவிடப்படுவதும் அந்த அலகுப் பயிற்சிதான்.

ஆகவே கலவையைக் கடைசியில் வைக்காமல் ஒவ்வொரு பயிற்சிக்குள்ளும் வையுங்கள். புதிய வழிமுறையைக் கற்றவுடன் அதே வகையில் நான்கைந்து கணக்குகள் தொடர்ந்து இருக்கட்டும். கை பழக அது வேண்டும், ரோரரும் அதை மறுக்கவில்லை. மீதியைப் பின்வரும் பயிற்சிகளில் பரப்பிவிடுங்கள். இறக்கக்கோணக் கணக்குகளை நடத்தும்போது இடையில் ஏற்றக்கோணக் கணக்கும் வந்தால்தான் கோணத்தை எங்கே குறிப்பது என்று பிள்ளை ஒரு கணம் நின்று யோசிக்கும். பெருக்குத்தொடர் வரிசைக்கு நடுவே கூட்டுத்தொடர் வரிசையும் வந்தால்தான் எண்களுக்கு இடையே இருப்பது வித்தியாசமா விகிதமா என்று பார்க்கும். தொட்டிக்கு உள்ளே வண்ணம் பூச ஆகும் செலவையும், அதே தொட்டியில் பிடிக்கும் தண்ணீரையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வினாவை முழுதாகப் படிக்காமல் எழுதுகிறார்கள் என்று நாம் எப்போதும் புலம்புகிறோம். படித்தால்தான் செய்ய முடியும் என்ற நிலையை நம் பயிற்சிகள் உண்டாக்கவில்லையே.

முப்பருவ முறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2012-13-இல் அது வந்தபோது சின்னஞ்சிறு தோள்களின் சுமை குறைந்தது. அதை நான் மனமார வரவேற்றவள், இன்றும் அதற்கு மாற்று வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பருவத் தேர்வு முடிந்ததும் அந்தப் பருவத்துப் புத்தகம் பரணுக்குப் போய்விடுகிறது. முதல் பருவத்தில் படித்த பின்னத்தை மூன்றாம் பருவம் முடியும்வரை யாரும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. உயர்நிலை வகுப்புக்கு வரும் பிள்ளை பின்னத்தைக் கூட்டத் தடுமாறும்போது, கீழ் வகுப்பில் சொல்லித்தரவில்லை என்று நாங்கள் கீழ் வகுப்பு ஆசிரியரைக் குறை சொல்கிறோம். அவர் சொல்லித்தந்திருக்கிறார், பிள்ளையும் அன்று கற்றிருக்கிறது. அதன் பிறகு அதை நினைவிலிருந்து எடுத்துப் பயன்படுத்த யாரும் வாய்ப்புத் தரவில்லை. இரண்டாம், மூன்றாம் பருவ நூல்களில் பயிற்சிதோறும் முந்தைய பருவத்துக் கணக்குகள் மூன்றைச் சேர்த்தாலே போதும். பை கனக்காது. பருவத் தேர்விலும் அவற்றுக்கு இடம் கொடுங்கள், தேர்வில் வராததை நடத்த எங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரிந்ததுதான்.

இதில் இருக்கும் சிரமங்களை மறைக்க விரும்பவில்லை. கலந்து செய்யும்போது பிள்ளைகளுக்கு நேரம் அதிகம் பிடிக்கும், தவறுகள் கூடும். தவறிய கணக்கின் சரியான வழியை அன்றே கரும்பலகையில் காட்டாவிட்டால் பலன் குறைந்துவிடும். முதல் சில வாரங்களில் வகுப்புத் தேர்வு மதிப்பெண்கள் சரியும். அப்போது ஆசிரியரிடம் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பக் கூடாது. இதற்காகத்தான் நூல் எழுதுபவர்களாகிய உங்களிடம் கேட்கிறேன். நான் மட்டும் என் வகுப்பில் வரிசையை மாற்றினால் அது ஓர் ஆசிரியையின் பிடிவாதம் என்றே பார்க்கப்படும். நூலே அப்படி இருந்தால் எந்த ஆசிரியரும் தனியாக நிற்க வேண்டியதில்லை. பணியிடைப் பயிற்சியில் கருத்தாளர்கள் இதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்கி, 89-உம் 60-உம் எப்படி 20-உம் 63-உமாக மாறின என்று சொன்னால் எங்களில் பெரும்பாலோருக்கு விளங்கிவிடும்.

ஃபுளோரிடாவின் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒன்றல்ல என்று குழுவில் ஒருவர் சொல்லக்கூடும். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் உடனே எல்லா நூல்களையும் மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும், இப்போதிருக்கும் அதே கணக்குகளைக் கலந்து அடுக்கிய ஒரு பயிற்சிக் கையேட்டைத் தயாரியுங்கள். பாதிப் பள்ளிகளுக்குக் கையேடு, பாதிப் பள்ளிகளுக்கு வழக்கமான முறை. எந்தப் பள்ளிக்கு எது என்பதைக் குலுக்கிப் போடுங்கள். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் இரு தரப்புக்கும் ஒரே தேர்வை முன்னறிவிப்பின்றி வையுங்கள். முடிவு எதுவானாலும் வெளியிடுங்கள். உங்கள் நிறுவனத்தின் பெயரிலேயே ஆராய்ச்சியும் இருக்கிறது, பயிற்சியும் இருக்கிறது. இதைச் செய்ய உங்களைவிடத் தகுதியான இடம் தமிழ்நாட்டில் வேறு இல்லை.

பத்தாம் வகுப்பின் வடிவியல், முக்கோணவியல், அளவியல் ஆகிய மூன்று அலகுகளின் பயிற்சிக் கணக்குகளைக் கலந்து அடுக்கி, மாதிரித் தாள்களாகத் தயாரித்து வைத்திருக்கிறேன். எந்தக் கணக்கு எந்தப் பயிற்சியிலிருந்து எடுக்கப்பட்டது என்ற குறிப்பும் பக்கத்திலேயே இருக்கிறது. குழு கேட்டால் அனுப்பிவைக்கிறேன், வரச் சொன்னால் கோடை விடுமுறையில் வந்து உடனிருந்து வேலை செய்யவும் தயாராக இருக்கிறேன்.

மதிப்புடன்,
அரசு உயர்நிலைப் பள்ளிக் கணிதப் பட்டதாரி ஆசிரியை