கீழ்வீட்டு அத்தைக்கும் மாமாவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

என் வீட்டுக்காரரை மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். நடந்தது என்னவென்று தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் தெரியாதவர்கள் இல்லை, கீழே வத்தலக்குண்டு வரைக்கும் தெரிந்திருக்கிறது, அதனால் அதை மறுபடியும் எழுதப் போவதில்லை. எழுத மனசும் இல்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன், கை இன்னும் நடுங்குகிறது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ராத்திரி மழையோடு ஜீப்பை மலை இறக்கிய தம்பி, மதுரையில் யாரென்றே தெரியாமல் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் பேரைக்கூடச் சொல்லாமல் போன காலேஜ் பிள்ளைகள், "நீங்க கொஞ்சம் கண்ணை மூடுங்கக்கா, நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்ன ராத்திரி டூட்டி நர்ஸ், பணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முன்பணத்தை அனுப்பிவைத்த காபி வியாபாரி அண்ணன், பழுத்த காபியெல்லாம் கொட்டிப்போகாமல் எங்கள் தோட்டத்தில் இறங்கிப் பறித்துக் காயப்போட்டுக் கொடுத்த அக்காமார்கள், பாலமுருகன் கோயிலில் விளக்குப் போட்டவர்கள், துஆ செய்தவர்கள், ஜெபத்தில் பேரைச் சேர்த்தவர்கள், உங்கள் எல்லோருக்கும் நன்றி. 2018இல் கஜா புயலில் மரமெல்லாம் சாய்ந்து கரண்ட் இல்லாமல் கிடந்தபோது இந்த ஊர் ஒன்றாக நின்றதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எல்லோருக்கும் ஒரே கஷ்டம். இந்தத் தடவை கஷ்டம் ஒரு வீட்டுக்கு மட்டும்தான், அப்படியும் நின்றீர்கள்.

ஆனால் இந்த மடலில் பெரிய பங்கு எங்கள் கீழ்வீட்டுக்காரர்களுக்கு. அவர்கள் செய்தது ஊர்க் கணக்கில் பெரிய உதவியாகத் தெரியாது. எங்கள் பிள்ளைகளை ஓடைக்கு நண்டு பிடிக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான்.

நாங்கள் மதுரையில் இருந்தபோது பிள்ளைகள் இரண்டு பேரும் அப்பத்தாவோடு வீட்டில் இருந்தார்கள். பெரியவள் ஏதோ பேசுவாள், சின்னவன் போனைக் காதில் வைத்தால் மூச்சுச் சத்தம் மட்டும்தான் வரும். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் நல்ல மனசோடுதான் வந்தார்கள், பிஸ்கட் வாங்கிக்கொண்டு வந்தார்கள், ஆனால் வந்ததும் பிள்ளைகளின் தலையைத் தடவி "பாவம்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதைப் பார்த்துப் பார்த்தே இரண்டும் பயந்து போயிருக்கின்றன. அப்பாவுக்கு என்ன ஆகப் போகிறது என்பதைப் பெரியவர்கள் முகத்தில்தான் படித்திருக்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டுத் தண்ணீர் தெளிந்திருந்த நாள், கீழ்வீட்டு மாமா கையில் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வாசலில் வந்து நின்றிருக்கிறார். பிள்ளைகளிடம் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "தம்பி, எனக்கு முட்டி வலி, குனிய முடியல. வாளி தூக்க ஆள் வேணும். வர்றியா?" என்று கேட்டிருக்கிறார். சின்னவன் எழுந்து போயிருக்கிறான். அப்புறம் பெரியவள். பின்னாடியே அத்தை, அவர்கள் மருமகள், பேரன், கடைசியில் "நான் எதுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே எங்கள் மாமியாரும் கம்பை ஊன்றிக்கொண்டு போய்க் கரையில் உட்கார்ந்திருக்கிறார்.

அந்த ஓடை கீழ்த் தோட்டத்தின் எல்லையில் ஓடுகிறது, அந்தத் தண்ணீர்தான் கீழே மருதாநதி அணைக்குப் போகிறது. காட்டுக்குள் ஓடும் ஓடைக்கு மாமா போகவே மாட்டார். அது 2013இலிருந்து சரணாலயம், அங்கே ஒரு கல்லைக்கூடப் புரட்டக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பு.

நண்டு பிடிப்பது எப்படி என்று எனக்கு இப்போது பிள்ளைகள்தான் பாடம் எடுக்கிறார்கள். ஓடையில் மேல்நோக்கியே நடக்க வேண்டும், அப்போதுதான் நாம் மிதித்த கலங்கல் பின்னால் போய், முன்னால் தண்ணீர் தெளிவாக இருக்கும். கல்லை மெதுவாகத் தூக்க வேண்டும். நண்டு தெரிந்தால் முன்பக்கம் கை நீட்டக் கூடாது, பின்பக்கமாக ஓட்டின் இரண்டு ஓரத்தையும் விரலால் அழுத்திப் பிடித்தால் கொடுக்கு எட்டாது. கரையில் வளை இருந்தால் குச்சி நுனியில் கோழிக்குடலைக் கட்டி உள்ளே விட்டுக் காத்திருக்க வேண்டும், கவ்வியது என்றால் லேசில் விடாது, அப்படியே இழுத்துவிடலாம். புரட்டிய கல்லைத் திரும்ப இருந்த மாதிரியே வைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை மாமா சின்னவனிடம் கொடுத்திருக்கிறார். அத்தனை கல்லையும் அவன்தான் திருப்பி வைத்தானாம்.

அன்றைக்கு ராத்திரி வந்த போனை நான் ஐசியூ வாசலில் நின்று எடுத்தேன். எடுத்ததும் சின்னவன் குரல்.

"அம்மா, ஒரு நண்டு வயித்துக்குக் கீழ மூடியைத் திறந்தா உள்ள பூரா குட்டி நண்டும்மா! கால் எல்லாம் இருந்துச்சு! கீழ்வீட்டுப் பாட்டி அது தாய், விட்டுடுன்னாங்க. நான்தான் தண்ணில விட்டேன்."

எத்தனையோ நாளாக நான் கேட்காத குரல் அது. நர்ஸ் ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்கிற அளவுக்கு அழுதேன்.

கடல் நண்டு முட்டை பொரிந்தால் குஞ்சு வேறு உருவத்தில் தண்ணீரோடு மிதந்து போகுமாம். ஓடை நண்டு அப்படி இல்லை, முட்டையிலிருந்து வரும்போதே முழு நண்டாகத்தான் வரும், வந்த பிறகும் கொஞ்ச நாள் தாய் வயிற்று மடிப்புக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் பெட்டை நண்டுக்கு அந்த மூடி அகலமாக இருக்கிறது, ஆண் நண்டுக்குக் குறுகலாகக் கூம்பியிருக்கும். அகல மூடியைப் பார்த்தாலே அத்தை திறந்து பார்த்து, சுமந்துகொண்டிருந்தால் ஓடையில் விட்டுவிடுவார். எத்தனையோ வருஷமாக அவர் செய்வதுதான், யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அன்றைக்கு எங்கள் வீட்டு அடுப்பிலேயே சமைத்திருக்கிறார்கள். அதுவும் அத்தை யோசித்துச் செய்ததுதான் என்று நினைக்கிறேன். தன் வீட்டில் சமைத்துத் தூக்கில் கொடுத்தனுப்பியிருக்கலாம், ஆனால் எங்கள் அடுப்படியில் ஆள் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாகியிருந்தது. பிள்ளைகளுக்குப் பூண்டு உரிக்கும் வேலை, மாமியாருக்கு மிளகு தட்டும் வேலை. யாரையும் உட்கார வைத்து உபசாரம் செய்யவில்லை, ஆளுக்கொரு வேலை கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் தரையில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிட்டார்கள். சின்னவன் மூன்றாவது தடவை சோறு வாங்கினான் என்று மாமியார் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இவர் வீடு வந்ததும் வாய்க்கு எதுவும் பிடிக்கவில்லை. மருந்துக் கசப்பு. நண்டு ரசம் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டோம், உப்பைக் குறைத்துக் கொடுக்கலாம் என்றார். அத்தை மறுபடியும் எல்லோரையும் கிளப்பினார், இந்தத் தடவை நானும் ஓடையில் இறங்கினேன். தண்ணீர் அப்படி ஒரு குளிர். பெரியவள் என் கையைப் பிடித்து "இங்க வழுக்கும்மா, இந்தக் கல்லுல கால் வை" என்று கூட்டிப்போனாள்.

ரசத்தை அத்தை வைத்தார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மேல் ஓட்டைப் பிரித்து, செவுளை எடுத்துப் போட்டுவிட்டு, தண்ணீர் தெளியும் வரை கழுவினார். காலையும் கொடுக்கையும் உரலில் போட்டு இடித்து, தண்ணீர் ஊற்றிப் பிசைந்து, ஓட்டுத்துண்டு ஒன்றுகூட இல்லாமல் வெள்ளைத் துணியில் வடிகட்டினார். அதில் எங்கள் தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியின் மிளகு, சீரகம், பூம்பாறையிலிருந்து வந்த மலைப்பூண்டு, சின்ன வெங்காயம், தக்காளி, மஞ்சள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கொடைக்கானல் மலைப்பூண்டுதான். தட்டும்போதே வாசலில் இருந்தவருக்கு வாசம் போய்விட்டது. மற்ற ரசத்தை நுரை கட்டியதும் இறக்கிவிடுவோம், நண்டு ரசத்தை அப்படி இறக்கக் கூடாது. ஓடை நண்டு சரியாக வேகாவிட்டால் நுரையீரலில் போய்த் தங்குகிற புழு உடம்புக்குள் வர வாய்ப்பிருக்கிறது, அதனால் நன்றாகத் தளதளவென்று கொதிக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு யாராவது செய்வதாக இருந்தால் தயவுசெய்து இதை மறக்காதீர்கள்.

இவர் ஒரு டம்ளர் குடித்துவிட்டு, டம்ளரை நீட்டி, "இன்னும் இருக்கா?" என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவராக வாய்விட்டுக் கேட்ட முதல் சாப்பாடு. அத்தை ஒன்றும் பேசாமல் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அத்தை, மாமா, உங்களிடம் நேரில் சொன்னால் "இதுக்குப் போயி என்னத்தா" என்று பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் எல்லோருக்கும் தெரியும்படி எழுதுகிறேன். என் பிள்ளைகளைப் பாவம் பார்க்காமல் வேலை சொன்னீர்கள். அழாதே என்று சொல்லவில்லை, கல்லைப் பிடி என்றீர்கள். நான் அருகில் இல்லாத நேரத்தில் அவர்களுக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தீர்கள். ஆஸ்பத்திரிக் கடனை எப்படியாவது அடைத்துவிடுவோம், உங்களுக்குப் பட்ட இந்தக் கடனை அடைக்க வழியே தெரியவில்லை.

ஒன்று மட்டும் முடிவு செய்திருக்கிறேன். இனிமேல் ஊரில் எந்த வீட்டில் யார் ஆஸ்பத்திரியில் இருந்தாலும், அந்த வீட்டுப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்பேன். மிளகு தட்டவோ காபி காயப்போடவோ கூப்பிட்டுக்கொள்வேன். உடம்பு ஒத்துக்கொண்டால் மதுரைக்குப் போய் ரத்தமும் கொடுக்கப் போகிறேன், இவருக்காக வந்த அந்தக் காலேஜ் பிள்ளைகளை எங்கே தேடுவது, அப்படியாவது இருக்கட்டும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பாடு. மழை இல்லையென்றால் காலையிலேயே ஓடைக்குப் போகிறோம், மழை பெய்தால் நாட்டுக்கோழி. ஜீப் தம்பி, காபி பறித்த அக்காமார்கள், வியாபாரி அண்ணன் எல்லோரும் கட்டாயம் குடும்பத்தோடு வந்துவிடுங்கள். அத்தையும் மாமாவும் சும்மா வந்து உட்கார்ந்தால் போதும், வாளியை இந்தத் தடவை நான் தூக்குகிறேன்.