ஹூஸ்டனில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். தமிழில், அதுவும் தாளில் எழுதினால் எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்தாக வேண்டும். எனக்கு அதுதான் வேண்டும்.

துப்பாக்கி வாங்கிவிட்டாய், சரி. ராத்திரி ஷிப்ட் முடிந்து ஆளில்லாத பார்க்கிங்கில் தனியாக நடக்கிறவள் நீ. எதற்கு வாங்கினாய் என்று கேட்கமாட்டேன். ஆனால் "இங்கே லைசென்ஸ் எல்லாம் வேண்டாம்பா" என்று போனில் சர்வசாதாரணமாகச் சொன்னாயே, அதுதான் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நீ சொன்னது பொய்யில்லை. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் 21 வயது நிரம்பி, சட்டப்படி தடை ஏதும் இல்லாதவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் மறைத்து எடுத்துப் போகலாம். இப்போது 29 மாநிலங்களில் இதே கதைதான். ஆனால் டெக்சஸ் லைசென்ஸை ஒழித்துவிடவில்லை. கேட்கிறவர்களுக்கு இன்றும் கொடுக்கிறது. கட்டணம் 40 டாலர், நாலு முதல் ஆறு மணி நேர வகுப்பு, பிறகு 50 குண்டு சுட்டு 250க்கு 175 மதிப்பெண் வாங்க வேண்டும். எப்போது சுட்டால் குற்றம், வாய்ச்சண்டையை முற்றவிடாமல் முடிப்பது எப்படி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் எங்கே வைப்பது, எல்லாம் அந்த வகுப்பில் உண்டு. கட்டாயமாக இருந்ததை விருப்பப் பாடமாக்கிவிட்டார்கள், அவ்வளவுதான். நீ அதை எடு.

இன்னொரு விஷயம். கடை வாசல்களில் துப்பாக்கியோடு வரக்கூடாது என்று சொல்லும், 30.05, 30.06 என்று சட்டப்பிரிவு எண் போட்ட பலகைகளைப் பார்த்திருப்பாய். 30.05 மட்டும் இருந்தால் லைசென்ஸ் உள்ளவர் துப்பாக்கியோடு உள்ளே போகலாம், இல்லாத நீ போகக்கூடாது. சிவப்பில் 51% என்று போட்டிருக்கும், அதாவது வருமானத்தில் பாதிக்குமேல் அங்கேயே குடிக்கிற மதுவிலிருந்து வரும், பாருக்குள் இரண்டு பேருமே எடுத்துப் போகக்கூடாது. "எதுவும் வேண்டாம்" என்று நினைப்பவர்கள்தான் இந்த மாதிரி இடங்களில் மாட்டிக்கொள்கிறார்கள்.

அப்புறம், அந்தக் கைப்பை. சாவி, லிப்ஸ்டிக், சார்ஜர் எல்லாவற்றோடும் அதையும் போட்டு வைக்காதே. டிரிகரை முழுக்க மூடும் கெட்டியான உறை வாங்கி உடம்போடு மாட்டிக்கொள். 2014 டிசம்பரில் ஐடஹோவில் ஒரு பெண் தன் இரண்டு வயதுப் பிள்ளையோடு வால்மார்ட்டுக்குப் போயிருந்தாள். துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்த கைப்பை, வண்டியில் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தது. பிள்ளை கையை விட்டான். குண்டு அம்மாவின் தலையில் பாய்ந்தது. அவள் லைசென்ஸ் வைத்திருந்தவள், நன்றாகப் பழகினவள். தீபாவளிக்கு அக்கா குழந்தையோடு உன் வீட்டுக்கு வருகிறாள். அதற்குள் எண் பூட்டு வைத்த இரும்புப் பெட்டி ஒன்று வாங்கிவிடு.

உன் ரூம்மேட் எச்-1பி விசாவில்தானே இருக்கிறாள்? ரேஞ்சுக்குக் கூட்டிப் போய் "சும்மா ஒரு தடவை சுட்டுப் பார்" என்று அவள் கையில் கொடுத்துவிடாதே. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, அந்த விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். நீ குடியுரிமை வாங்கியவள், உனக்குத் தெரியாமல் போகலாம். அவள் வாழ்க்கை போய்விடும்.

டிசம்பரில் இங்கே நியூ ஜெர்சிக்கு வரும்போது தயவுசெய்து அதை அங்கேயே பூட்டிவிட்டு வா. நியூ ஜெர்சி எந்த வெளிமாநில லைசென்ஸையும் ஏற்பதில்லை. 2022 ஜூனில் சுப்ரீம் கோர்ட் நியூயார்க் வழக்கில் தீர்ப்புச் சொல்லும்வரை, இங்கே கடை வைத்திருப்பவர்களுக்கே அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு. இப்போது கிடைக்கிறது, ஆனால் பயிற்சி வேண்டும், நல்லவர் என்று சொல்ல நாலு பேர் வேண்டும். அனுமதியில்லாமல் எடுத்துத் திரிந்து பிடிபட்டால் குறைந்தது மூன்றரை வருஷம் உள்ளே. பக்கத்து பிலடெல்பியாவில் லைசென்ஸ் வாங்கிய ஒரு தாய், 2013இல் இந்தப் பக்கம் வந்தபோது போலீஸ் வண்டியை நிறுத்த, தானாகவே "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று சொன்னாள். கைதானாள். கடைசியில் கவர்னர் மன்னிப்புக் கொடுத்துத்தான் அது தீர்ந்தது.

வகுப்புக்குத் தேதி கிடைத்ததும் சொல். பணம் நான் அனுப்புகிறேன், அடம் பிடிக்காதே.

அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நீயே போன் பண்ணிச் சொல்லிவிடு, இதில் நான் தூது போகமாட்டேன்.

அன்புடன்,
அப்பா