ஆண்டறிக்கை 2024–25: நனைந்த மூட்டையும் ஒரு மனுவும்

தலைவர் அவர்களுக்கும் பெற்றோர் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. டிசம்பரில் மட்டும் இல்லை. ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரி மிதந்துகொண்டிருந்தபோது எங்கே கூடுவது?

அந்த மழையில், அடுத்த பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சேர்த்த நம் பழைய பாடப்புத்தக மூட்டை இரண்டு ஊறிப்போயின. உள்ளதைச் சொன்னால், பெரிய நஷ்டம் இல்லை. மழைக்கு முன்பே அவற்றைக் கேட்க ஆளில்லை. அரசுப் பள்ளியில் புத்தகம் இலவசம். இஸ்திரிக் கடைத் திண்ணையில் வந்து மூட்டையைக் கிளறுவது தனியார் பள்ளிப் பெற்றோர்தான். அக்கா படித்தது தம்பிக்கு ஆகும் என்பதே நம் கணக்கு. சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்குப் பாடநூல் தயாரிக்கும் மத்திய அமைப்பான என்.சி.இ.ஆர்.டி., 2024-இல் மூன்று, ஆறாம் வகுப்புப் புத்தகங்களை மாற்றியதும் அந்தக் கணக்கு உடைந்தது. ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலுக்கு முன்பு வரலாறு, புவியியல், குடிமையியல் என மூன்று புத்தகம், இப்போது ஒன்றே. பை இலேசானதில் எனக்கும் சந்தோஷம்தான்.

முந்தைய கலைத்திட்டம் 2005-இல் வந்தது, மாற்ற வேண்டியதுதான். ஆனால் வகுப்பை ஆரம்பித்துவிட்டு அப்புறம் புத்தகம் அச்சடிப்பது என்ன முறை? ஓர் உறுப்பினர் வீட்டில் பையன் அம்மாவின் செல்போனைத் தம்ளரில் சாய்த்து வைத்து, பள்ளி அனுப்பிய பக்கத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். நடுவில் போன் வந்தால் பாடம் நின்றுவிடும்.

ஆகஸ்டில் அனுப்பிய மனுவில் இதை முதலில் வைத்தோம்: புத்தகம் கைக்கு வந்தபின் பாடத்திட்டத்தை மாற்றுங்கள். இரண்டாவது கோரிக்கைக்குத்தான் வாக்குவாதம். புதுச்சேரிக்கென்று தனிப் பாடநூல் இருந்ததில்லை. இங்கும் காரைக்காலிலும் தமிழ்நாட்டுப் புத்தகம், மாகேயில் கேரளம், ஏனாமில் ஆந்திரம். இப்போது அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்குப் போய்விட்டன. நாடு முழுக்க ஒரே புத்தகம் என்றால், 1954 அக்டோபர் 18-இல் கீழூரில், பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்து 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்ற கதைக்கு அதில் எத்தனை வரி கிடைக்கும்? உள்ளூர்த் துணைநூல் ஒன்று வேண்டும் என்றோம். மில்லில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஐயா எழுந்து, “1936 ஜூலை 30-ல பன்னிரண்டு தொழிலாளியச் சுட்டாங்களே, அதையும் எழுதுங்க தம்பி” என்றார். “பரீட்சையில வருமா?” என்று பின்வரிசையில் ஒரு குரல். வராதுதான். சரி, இருந்தாலும் சேர்த்தோம். மனு கிடைத்ததாகச் சீட்டு வந்தது, வேறொன்றும் வரவில்லை.

நனைந்தவற்றைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்ட பணம் பொருளாளர் கணக்கில் இருக்கிறது. நான்கு, ஐந்து, ஏழு, எட்டாம் வகுப்புக்கும் 2025-இல் புத்தகம் மாறுகிறது. அந்தப் பழைய புத்தகங்களைத் தயவுசெய்து திண்ணைக்குக் கொண்டுவர வேண்டாம்.

செயலாளர்