ஈயாவுக்குக் காலையில் கூட்டிப்போங்கள்: கிரீஸ் பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போன செப்டம்பரில் உங்களில் ஒருவர் (பெயர் வேண்டாம்) கூட்டிப்போன குழுவில் நானும் என் மனைவியும் இருந்தோம். சாண்டோரினித் தீவின் ஈயா கிராமத்தில் மாலை ஐந்தரைக்கு பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு எட்டு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். இடிந்த கோட்டைப் பக்கம் கால் வைக்க இடமில்லை. முன்னால் நின்றவர்களின் செல்போன்களுக்கு நடுவே சூரியன் மறைந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பஸ் ஏறினோம்.

மறுநாள் ஓய்வு. நாங்கள் இருவரும் உள்ளூர் பஸ் பிடித்துக் காலையிலேயே மறுபடி போனோம். ஊரை அப்போதுதான் பார்த்தோம்.

அந்த வெள்ளை வீடுகளெல்லாம் கட்டியவை என்று நினைத்திருந்தேன். பல வீடுகள் குடைந்தவை! தீவில் உத்திரத்துக்கு மரம் கிடையாது. அதனால் எரிமலை கக்கிய சாம்பலையும் நுரைக்கல்லையும் குடைந்து, கூரையை வளைவாக அமைத்திருக்கிறார்கள். அந்தச் சாம்பல் மண்ணைச் சுண்ணாம்போடு குழைத்தால் தண்ணீருக்குள்ளும் இறுகும் காரை கிடைக்கும். சூயஸ் கால்வாய் வேலைக்கே இந்த மண் இங்கிருந்து கப்பலேறியது. வீட்டு முகப்பு குறுகல்தான்: நடுவில் கதவு, இருபக்கமும் ஜன்னல், கதவுக்கு மேலே இன்னொரு சின்ன ஜன்னல். முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுச்சுவரிலும் அதே அமைப்பு. மலைக்குள் இருக்கும் பின்னறைக்கு வெளிச்சம் அப்படித்தான் போய்ச் சேர்கிறது. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் சேர்த்துக் குடித்திருக்கிறார்கள்.

மேட்டில் இருக்கும் மாடி வீடுகள் வேறு ரகம். அவை 19ஆம் நூற்றாண்டில் பாய்மரக் கப்பல் காசில் எழுந்த கப்பல் தலைவர்களின் வீடுகள். மாலுமிகள் கீழே குடைந்த வீடுகளில் இருந்தார்கள். நீராவிக் கப்பல் வந்ததும் தொழில் பிரேயஸ் துறைமுகத்துக்குப் போய்விட்டது. மிச்சத்தை 1956 ஜூலை 9 நிலநடுக்கம் பார்த்துக்கொண்டது. நாங்கள் நெருக்கியடித்து நின்ற கோட்டையின் பெரும்பகுதியும் அன்று விழுந்ததுதான். வழிகாட்டி இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது.

சரி, கேட்க வந்தது இதுதான். அடுத்த பயணத்தில் ஈயாவைக் காலைக்கு மாற்றுங்கள். அம்மூடி துறைக்கு இறங்கும் இருநூறுக்கும் மேற்பட்ட படிகளில் நடக்க முடிந்தவர்களை நடக்க விடுங்கள். கழுதை மேல் ஏற்றாதீர்கள். செம்பாறையை ஒட்டி இறங்கும் அந்த வழியில் நான் நாலு இடத்தில் நின்றேன், மூச்சு வாங்க அல்ல.

அப்புறம், கீழ்வீட்டுக் கூரைதான் பல இடங்களில் மேல்வீட்டு முற்றம் என்பதை பஸ்ஸிலேயே சொல்லிவிடுங்கள். நம் ஆட்கள் இருவர் போட்டோவுக்காக ஒரு கூரையில் ஏற, ஒரு பாட்டி வெளியே வந்து திட்டினார். கிரேக்கம் தெரியாமலே எங்களுக்கு முழுக்கப் புரிந்தது.

சூரியன் மறைவதை அதே தீவின் இமெரோவிக்லி கிராமத்திலிருந்தும் காட்டலாம். உட்கார்ந்தே பார்க்கலாம்.

இப்படிக்கு,
கடைசி இருக்கையில் வந்தவன்